கேம்பர் (உள்ளே தங்கித் தூங்கும் வசதியுள்ள பயண வண்டி) கதவைப் பிரித்தவர்கள் உண்டா? உங்கள் கதையையும் சொல்லுங்கள்

பழையகூண்டு:
பிரித்ததே தப்போ என்று இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது. கீழ்ப்பக்கம் உப்பியிருந்தது, அவ்வளவுதான். ஓரத்து அலுமினியப் பட்டையைக் கழற்றி, ரிவெட் தலைகளைத் துளையிட்டு எடுத்து, வெளித்தகட்டைத் தூக்கினேன். கதவுக்குள் கீழே மரத்தாலான அடிச்சட்டம் இருக்க வேண்டிய இடத்தில் வடிகட்டிய தேயிலைத்தூள் மாதிரி ஏதோ கிடந்தது. கையால் அள்ளினேன். மரத்தில் இறங்கியிருந்த ஸ்க்ரூவும் கையோடு வந்துவிட்டது. இத்தனை நாள் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது வெறும் தகடு.

புதுக் கதவெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. தகடு, பூட்டு, கீல் பழையதே. மரமும் பசையும் மட்டும் புதிது. தரையில் படுக்கப்போட்டு ஒட்டி, மேலே செங்கல் அடுக்கினேன். மறுநாள் மாட்டினால் கதவு பலகை போல நேராக நிற்கிறது, வண்டியின் பக்கமோ லேசாகத் தொந்தி போட்டது. நடுவில் முட்டுகிறது, மேலே இரண்டு விரல் நுழையும். உள்ளே உட்கார்ந்து அந்தச் சந்தில் வரும் வெளிச்சத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரத்தூள்:
உங்களுக்காவது கதவு என்று ஒன்று மிஞ்சியது. நான் உள்ளே வைக்கும் தெர்மாகோலுக்கு ரப்பர் பசை தடவினேன். தகடு சட்டென்று பிடிக்குமே என்ற ஆசை. உள்பலகையை எடுத்துவரப் போய்த் திரும்புவதற்குள், சர்க்கரைக் குவியலில் வெந்நீர் ஊற்றியது போலக் குழி குழியாக உள்வாங்கிக்கொண்டிருந்தது. பசையில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடுமாம். டப்பாவிலேயே போட்டிருந்தது, பொடி எழுத்தில்.

கீல்சத்தம்:
பழையகூண்டு, தட்டையான தரையில் ஒட்டினால் கதவும் தட்டையாகத்தான் வரும். வளைவை எங்கிருந்து எடுத்தீர்கள்? பழைய கதவிலிருந்து எடுத்திருந்தாலும் தப்புதான். அது ஏற்கெனவே உப்பி, தொங்கிப்போனது. அதை நம்பி ஒரு கதவு செய்து விறகாக்கியவன் நான்.

வாசலில் அட்டையை வைத்து வளைவை வரையுங்கள். அதே வளைவில் பிளைவுட் முட்டுகள் மூன்று வெட்டி நிறுத்தி, அவற்றின் மேல் கதவைக் கிடத்தி ஒட்ட வேண்டும். பக்கச் சட்டத்துக்கு ஒரே தடிமரம் வேண்டாம். மெல்லிய பட்டைகள் இரண்டு மூன்றை முட்டுகள் மேலேயே ஒன்றோடொன்று ஒட்டிக் காயவிட்டால் வளைவு நிற்கும். கிளாம்பை எடுத்ததும் கொஞ்சம் நிமிரும், ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே வளையுங்கள். சட்டம் கட்டியதும் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், கோணலா என்று தெரியும். பாலியூரித்தேன் பசை தெர்மாகோலைத் தின்னாது, ஆனால் காயும்போது நுரைத்துப் பொங்கும். பாரம் சமமாக இல்லையென்றால் தகட்டில் மேடு விழும். கீலும் பூட்டும் வரும் இடங்களில் தெர்மாகோலை வெட்டிவிட்டுக் கட்டை வையுங்கள், தெர்மாகோலில் ஸ்க்ரூ பிடிக்காது. மூடுவதற்கு முன் கட்டை எங்கே இருக்கிறது என்று வெளியே குறித்துக்கொள்ளுங்கள். மூடியபின் தட்டித் தட்டித் தேடுவது...

வடிகால்:
கேட்டது கதை, வந்தது பாடம். சரி, நானும் என் பங்குக்கு. தண்ணீர் எங்கே நுழைகிறது என்று யாருமே கேட்கவில்லையே? நான் அடிச்சட்டத்தை இரண்டு முறை மாற்றியவன். மூன்றாவது முறை பிரிப்பதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரைக் கதவு ஜன்னலின் மேல்விளிம்பில் ஊற்றினேன். பத்து எண்ணுவதற்குள் கதவின் கீழ்மூலையில் சொட்டியது. ஜன்னல் சட்டத்தைக் கழற்றினால் சந்து அடைக்கும் சிலிக்கான் பசை மேல் சிலிக்கான், அதன் மேலும் சிலிக்கான். வண்டியை எனக்கு முன்னால் வைத்திருந்த புண்ணியவான் ஒவ்வொரு மழைக்கும் ஒரு கோடு இழுத்திருக்கிறார். பழைய சிலிக்கான் மேல் புதிது சரியாக ஒட்டாது. சுரண்டித் துடைப்பதற்கே ஒரு நாள் போனது. அப்புறம் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) போட்டேன். அது இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும், கதவு அதிர்ந்தாலும் விட்டுக்கொடுக்காது.

துருநண்பன்:
அடிச்சட்டம் இனி அழுகவே கூடாது என்று செம்பு மருந்து ஏற்றிய மரம் போட்டேன். அழுகவில்லை. அலுமினியத் தகட்டின் உட்புறம்தான் வெள்ளைப் பொடியாகப் பூத்துவிட்டது. ஈரம் பட்டால் அந்தச் செம்பு அலுமினியத்தை அரிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. தகட்டைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தேன். நட்சத்திரம் பூத்த வானம் போல ஊசித்துளைகள்.

கீல்சத்தம்:
மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் நல்ல பெயின்ட் ஒரு பூச்சு அடித்திருந்தால் தப்பியிருக்கும்.

துருநண்பன்:
அடித்தேன் ஐயா. ஸ்க்ரூ போட்ட துளைக்குள் யார் அடிப்பது?

மரத்தூள்:
சாதாரண மரத்தின் வெட்டுமுனைகளில் மெல்லிய எபாக்சி பிசினை ஊற விட்டேன். இதுவரை சரியாக இருக்கிறது. கண் படப் போகிறது.

பழையகூண்டு:
அட்டை வைத்துப் பார்த்தேன். வளைவு போதாதென்று வாசலே கோணல், மூலைக்கு மூலை 11 மி.மீ. வித்தியாசம். ஆக, பாதிப் பழி வண்டிக்கு. ஒட்டியதை மறுபடி பிரிக்க மனமில்லை. மேல்பக்கம் மட்டும் தடித்த ரப்பர் பீடிங்கை இரட்டையாக ஒட்டினேன். வெளிச்சம் நின்றது. குவளைத் தண்ணீரும் ஊற்றிப் பார்த்தேன், சொட்டவில்லை. முழங்காலால் ஒரு தள்ளு கொடுத்தால்தான் தாழ்ப்பாள் விழுகிறது. கீல்சத்தம், தயவுசெய்து இதற்கு மட்டும் பதில் எழுதாதீர்கள்.