ராவ்னு தேடுனா யார் வரணும்? அந்தப் பக்கத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் வேணும்

அனுப்புநர்: சூளூர்பேட்டைக்காரன்

குழுவுல எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் படிப்பகத்துப் புத்தகப் பட்டியலை கம்ப்யூட்டர்ல ஏத்தறதும், அதுக்கான மென்பொருளைத் தமிழாக்கறதும் ஒண்ணாவே ஓடிட்டிருக்கு. தமிழ் புஸ்தகமும் தெலுங்கு புஸ்தகமும் ஒரே அலமாரியில கலந்து கெடக்கற ஊரு. பட்டன், மெனு எல்லாம் முடிஞ்சுது, ஒரு எடத்துல மட்டும் நின்னு போச்சு. ஒரே பேர்ல பல ஆளு, பல பொருள் இருந்தா நேரா ஒண்ணைக் காட்டாம "இதுல உங்களுக்கு எது வேணும்"னு வரிசையா போட்டு ஒரு பக்கம் வரும்ல, அதுக்கு என்ன பேர் வைக்கறது?

தமிழ் விக்கிப்பீடியாவுல "பக்கவழி நெறிப்படுத்தல்"னு இருக்கு. ரொம்ப நாளா புழங்கற சொல்லு, குறை சொல்லல. ஆனா படிப்பகத்துக்கு வர்ற பத்தாங்கிளாஸ் பொண்ணு அதைப் படிச்சுட்டு "இது ட்ராஃபிக் போலீஸ் சம்பந்தப்பட்டதா அண்ணா"ன்னு கேக்குது. தெலுங்கு விக்கியில "அயோமய நிவ்ருத்தி". அயோமயம்னா குழப்பம். தேடறவனுக்கு என்ன கஷ்டம்னு சொல்லுதே ஒழிய அந்தப் பக்கத்துல என்ன இருக்குன்னு சொல்லல.

இப்ப எதுக்கு இந்த அவசரம்னா, ராவ். ரெண்டே எழுத்து. அதைப் போட்டுத் தேடுனா யார்யார் வரணும்னு ஒரு பேப்பர்ல எழுத ஆரம்பிச்சேன். பி.வி. நரசிம்ம ராவ், 1991லேருந்து 1996 வரைக்கும் பிரதமர். என்.டி. ராமாராவ், நம்ம எல்லைப்பக்கத்து ஆளுங்களுக்கு அவர் நடிகர்ங்கறதைவிட 1983ல எம்.ஜி.ஆரோட ஒப்பந்தம் போட்ட கிருஷ்ணா தண்ணிதான் ஞாபகம் வரும். யு.ஆர். ராவ், 1975ல போன ஆரியபட்டா செயற்கைக்கோள் அவர் தலைமையில செஞ்சது, பின்னாடி 1984லேருந்து 1994 வரைக்கும் இஸ்ரோ தலைவர், ஸ்ரீஹரிகோட்டாவுக்கு பஸ் ஏர்ற ஊர்ங்கறதால இங்க ராவ் சார்னாலே பாதிப் பேருக்கு அவர்தான். சி.என்.ஆர். ராவ், வேதியியல், பாரத ரத்னா. அப்புறம் சி.ஆர். ராவ், புள்ளியியல். இவர் ஒருத்தர் போதும் பக்கத்தை ரொப்ப. கிராமர்–ராவ் வரம்புன்னு ஒண்ணு, அதாவது கையில இருக்கற தரவை வச்சு ஒரு மதிப்பை நடுநிலையா கணிக்கறப்ப ஏற்ற இறக்கத்தை எவ்ளோதான் கொறச்சாலும் ஒரு அளவுக்குக் கீழ போகவே முடியாது, அந்த அளவுதான் அது. ராவ்–பிளாக்வெல் தேற்றம், சுமாரான கணிப்பைத் திருத்தி மேம்படுத்தற வழி. ரெண்டுக்கும் வேர் 1945ல வந்த அவரோட ஒரே கட்டுரை. 102 வயசுல, 2023ல சர்வதேசப் புள்ளியியல் பரிசு, அதே வருஷம் காலமாயிட்டார்.

ஆளுங்க இதோட சரின்னு பாத்தா, பெங்களூர்ல யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம் இருக்கு, 2018ல பேர் மாத்துனது. ராவ் சாகிப், ராவ் பகதூர் பட்டங்கள் வேற, அதனால ரெட்டைமலை சீனிவாசன் வந்து நிக்கறார், அவர் பேர்ல ராவே கிடையாது. சீனாவுல ராவ் யின்னு ஒரு நரம்பியல் விஞ்ஞானி. நியூயார்க்ல 1896லேருந்து நடக்கற இத்தாலிய ஹோட்டல் ஒண்ணும் இங்கிலீஷ்ல இதே எழுத்துக்கூட்டு, உச்சரிப்பு மட்டும் ரேயோஸ். தமிழ்ல எழுதுனா மோதாது, அதனால வெட்டிட்டேன்.

மென்பொருள்ல இந்த வகைக்கு "குடும்பப்பெயர்"ங்கற மாதிரிதான் மூலத்துல இருக்கு. "பொதுப்பெயர்ப் பக்கம்"னு போடலாமா? சொல்லுங்க.

---

அனுப்புநர்: நகரி தம்பி

அண்ணே, பேரு எதுவா வேணா இருக்கட்டும், முதல்ல தேடல்ல இருக்கற சிக்கலைப் பாருங்க. யூனிகோட்ல ராவ்ங்கறது ர, துணைக்கால், வ, புள்ளி, நாலு குறி. "நரசிம்ம ராவின் ஆட்சி"ன்னு தலைப்பு இருந்தா அங்க புள்ளி இல்ல, அந்த எடத்துல இகரக் குறி வந்துடுது. ராவை, ராவுக்கு, ராவோட, எல்லாத்துலயும் புள்ளி காணாமப் போயிடும். அப்ப "ராவ்"னு அடிச்சா வேற்றுமை உருபு ஒட்டுன ஒரு தலைப்பும் மாட்டாது. சரி புள்ளியை விட்டுட்டு "ராவ"ன்னு முன்னெழுத்து வச்சுத் தேடச் சொன்னா ராவணன் வர்றார், ராவுத்தர் வர்றாங்க, நேத்து சோதனை சர்வர்ல முதல் வரியே ராவணன்தான். இதுல "ராவெல்லாம் முழிச்சிருந்து"ன்னு ஒரு கதைத் தலைப்பு வேற. இரும்பை ராவறது இன்னும் வரல, வந்துடும்.

ஒட்டி எழுதறதா விட்டு எழுதறதாங்கறது இன்னொண்ணு. ராமாராவ், ராமா ராவ். தெலுங்குலேருந்து வர்றவங்க ராவு. அதனால அந்தப் பக்கம் வெறும் அழகுக்கு இல்ல, அது இல்லாம தேடலே நடக்காது. பேரை மட்டும் நீட்டமா வைக்காதீங்க, பட்டன்ல ஒக்காரணும்.

---

அனுப்புநர்: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

தம்பி, "பொதுப்பெயர்" வேண்டாம். ஆறாம் வகுப்பு இலக்கணத்துல மரம், மாடு, ஊர் எல்லாம் பொதுப்பெயர்னு சொல்லிக்கொடுத்துட்டு இங்க வந்து ராவும் பொதுப்பெயர்னா பிள்ளைங்க என்னைத்தான் வந்து கேப்பாங்க.

மலையாள விக்கியில "விவக்ஷகள்"னு போடுறாங்க. விவட்சை, சொல்ல நினைச்ச பொருள். நல்ல சொல்லுதான், நம்ம வாயில நிக்காது. எனக்குத் தோணினது வேற. எங்க பக்கம் ரெண்டு மூணு ரோடு பிரியற எடத்தை மலையாளத்துல "கவல"ம்பாங்க, பஸ்ல கண்டக்டரே அப்படித்தான் கூப்பிடுவார். பழந்தமிழ்லயும் பிரிஞ்சு போற வழிக்குக் கவலைன்னுதான் பேர். ஆனா இன்னைக்கு "ராவ் கவலை"ன்னு தலைப்பு வச்சா ஏதோ ராவ் மனசொடிஞ்சு உக்காந்திருக்கார்னுதான் நினைப்பாங்க! அதனால நானே கைவிட்டுட்டேன்.

உங்க லிஸ்ட்ல ஒருத்தரை விட்டுட்டீங்க, சர் டி. மாதவ ராவ். கும்பகோணத்துல 1828ல பொறந்த தஞ்சாவூர் மராட்டியர், திருவிதாங்கூர் திவானா 1872 வரைக்கும் இருந்தார். திருவனந்தபுரத்துல செக்ரட்டேரியட் முன்னாடி இருக்கற ஜங்ஷனுக்கு "ஸ்டாச்யூ"ன்னே பேரு, அந்தச் சிலை அவரோடதுதான். எத்தனையோ பேர் தினம் ஸ்டாச்யூ ஒரு டிக்கெட்டுன்னு வாங்குறாங்க, யார் ஸ்டாச்யூன்னு கேட்டா முழிப்பாங்க.

முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். "குடும்பப்பெயர்"ங்கறதே இங்க பொருந்துமா? மாதவ ராவுக்கு ராவ் ஒரு மரியாதை ஒட்டு, நம்ம ஊர்ல ராயர்னு சொல்றாப்பல. ரெண்டுக்கும் வேரும் ஒண்ணுதான், ராஜங்கற சொல்லு. தெலுங்குக்காரங்களுக்குக் குடும்பப்பேரு முன்னாடி வர்ற இனிஷியல்ல இருக்கு, இண்டிபேருன்னு சொல்வாங்களே. என்.டி.ஆருக்கு நந்தமூரி, பி.வி.க்கு பாமுலபர்த்தி, சி.ஆர். ராவுக்கு கல்யம்பூடி. எங்க பாலக்காட்டுப் பக்கமும் வீட்டுப்பேரு முன்னாடிதான். வெள்ளைக்காரன் அகராதி வரிசையில கடைசிச் சொல்லு குடும்பப்பேருன்னு நினைச்சு "ராவ், சி.ஆர்."னு திருப்பிப் போட்டான், நாமளும் அப்படியே கார்டு எழுதிட்டோம். உங்க லிஸ்ட்ல நிஜமான குடும்பப்பேரு அந்தச் சீனக்காரருக்கு மட்டுந்தான், அவருக்கும் அது முன்னாடி வருது.

---

அனுப்புநர்: ஊத்துக்கோட்டை ஐயா

டீச்சரம்மா சொன்னது சரி. குடும்பப்பெயர்ங்கறதைத் தூக்கிடுங்க.

புதுசா ஏன் தேடணும்? நம்ம நிகண்டுக்காரங்க இந்த வேலையைச் செஞ்சு வச்சுட்டுப் போயிருக்காங்க. சூடாமணி நிகண்டுல 11-ஆவது தொகுதிக்கு என்ன பேரு? ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி. ஒரே சொல்லுக்கு இருக்கற பல பொருளையும் ஓரிடத்துல தொகுத்துக் கொடுக்கறது. இவங்க கேக்கற பக்கமும் அதேதான், பொருளுக்குப் பதிலா ஆளும் ஊரும் தேற்றமும் வருது. அதனால நான் சொல்றது "ஒருபெயர்த் தொகுதி". குடும்பமா, பட்டமா, ஒட்டாங்கற வழக்குல நாம நுழையவே வேண்டாம், பேரு ஒண்ணு, உள்ள இருக்கறது பல.

இன்னொரு சொல்லும் உங்களுக்கு வேணும், இன்னும் நீங்க கேக்கலே. வரிசையில ஒவ்வொருத்தர் பேர் பக்கத்துலயும் அடைப்புக்குறிக்குள்ள "புள்ளியியலாளர்", "முதல்வர்"னு போடுறீங்களே, அதுக்குப் பேரு? "அடை"ன்னு வச்சுக்குங்க. அடைமொழியில இருக்கற அடை. சங்கப் பாட்டைத் தொகுத்தவங்க முன்னாடி எத்தனை சாத்தனார் வந்து நின்னிருப்பாங்க! சீத்தலைச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார், உறையூர் முதுகண்ணன் சாத்தனார், கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார். ஊரையோ அப்பன் பேரையோ முன்னாடி வச்சான், ஆள் பிரிஞ்சுது. உடுப்பி ராமச்சந்திர ராவ்ங்கறதும் அதே முறைதானே. நூலகத் துறைக்கே தகப்பனான ரங்கநாதன் முழுப்பேரு என்ன, ஷியாளி ராமாமிர்த ரங்கநாதன், ஷியாளின்னா நம்ம சீர்காழி. அவர் சொன்ன நாலாவது விதியைச் சுவத்துல எழுதி மாட்டிட்டு வேலையைப் பாருங்க: வாசகரோட நேரத்தை மிச்சம் பிடி.

அடையை முன்னாடியே போடுங்க. அடைப்புக்குறி நமக்குப் பழக்கமில்லாத உடுப்பு.

---

அனுப்புநர்: சூளூர்பேட்டைக்காரன்

ஐயா, கும்பிடறேன். "ஒருபெயர்த் தொகுதி" நம்ம ஆளுங்க வாயில சுலபமா வருது, அந்தப் பத்தாங்கிளாஸ் பொண்ணுகிட்ட காட்டுனேன், "ஒரே பேரு இருக்கறவங்க லிஸ்ட்டா"ன்னு கேட்டுச்சு, அது போதும். "அடை"யும் எடுத்துக்கறேன், தோசை ஞாபகம் வரும்னு ஒருத்தர் தனிமடல்ல சொன்னார், வந்தா வரட்டும்.

அடையை முன்னாடி போடறதுல மட்டும் எனக்கு ஒப்புதல் இல்ல. காரணம் ராமாராவ். என்.டி. ராமாராவ் முழுப்பேரு நந்தமூரி தாரக ராமாராவ். தெலங்கானாவுல அமைச்சரா இருந்த கே.டி.ஆர். முழுப்பேரு கல்வகுண்ட்ல தாரக ராமாராவ். இதுவரைக்கும் ஐயா சொன்ன முறை ஜோரா வேலை செய்யுது, இண்டிபேரு வந்து பிரிச்சுக் குடுத்துடுது. மூணாவதா என்.டி.ஆரோட பேரன் வர்றார், இப்ப நடிக்கறவர், அவரும் நந்தமூரி தாரக ராமாராவ். வீட்டுப்பேரும் அதே, வைச்ச பேரும் அதே, தொழில்கூட அதே! நடிகர்னு போட்டாலும் தாத்தாவும் பேரனும் ஒண்ணா வந்து நிப்பாங்க. அங்க பொறந்த வருஷம் போட்டாத்தான் உண்டு, 1923, 1983. வருஷத்தைப் பேருக்கு முன்னாடி வச்சா வரிசைப்படுத்தறப்ப எல்லாம் எண்ணுக்குக் கீழ போயி ஒக்காந்துக்கும், அகரவரிசையே கெட்டுடும். அதனால ஊரும் வீட்டுப்பேரும் முன்னாடி, தொழிலும் வருஷமும் பின்னாடி அடைப்புக்குறியில. முன்னடை, பின்னடைன்னு சொல்லிக்கலாமான்னு ஐயாதான் சொல்லணும்.

அடுத்தது, யாரை உள்ள விடறது. பேர் கடைசியில ராவ் இருக்கற எல்லாரையும் சேத்தா ஆந்திராவுல பாதி வந்துடும். எனக்குத் தோணுற கணக்கு: வெறும் "ராவ்"னு மட்டும் சொல்லி ஆள் புரியற எடம் எங்கயாவது இருந்தா, அவங்க ராவ் தொகுதியில வரணும். புள்ளியியல் வகுப்புல ராவ்னா சி.ஆர். ராவ், எங்க ஊர்ல யு.ஆர். ராவ். ஆனா என்.டி.ஆரை யாரும் ராவ்னு கூப்பிட்டதில்ல, அவர் "ராமாராவ்" தொகுதிக்குப் போகட்டும், ராவ் தொகுதியில அதுக்கு ஒரு சுட்டி மட்டும். மாதவ ராவும் அதே மாதிரி. தேற்றமும் வரம்பும் சி.ஆர். ராவுக்குக் கீழ உள்தள்ளி வரும். ராவ் பகதூர் தனித் தொகுதி, அதுக்குள்ள பட்டம் வாங்குனவங்க பட்டியல் கிடையாது, பட்டம்னா என்னங்கற விளக்கம் மட்டும், இல்லாட்டி பழைய மதராஸ் ராஜதானியில பாதிப் பேரை ஏத்தணும்.

---

அனுப்புநர்: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

சம்மதம். பின்னடை மட்டும் வேண்டாம் தம்பி, பின்னடைவு மாதிரி காதுல விழுது. முன் அடை, பின் அடைன்னு பிரிச்சே எழுதுங்க.

---

அனுப்புநர்: நகரி தம்பி

ஏத்தியாச்சு அண்ணே. "ஒருபெயர்த் தொகுதி" பெரிய ஸ்க்ரீன்ல சரியா ஒக்காருது, போன்ல மட்டும் ரெண்டு வரியா உடையுது, அங்க பட்டன்ல வெறும் "தொகுதி"ன்னு வச்சிருக்கேன். எலெக்‌ஷன் நேரத்துல யாராவது சட்டமன்றத் தொகுதின்னு தட்டிட்டு வந்தா என்னைத் திட்டாதீங்க. ராவுத்தருக்கு இப்போதைக்கு தனித் தொகுதி தொறந்து விட்டிருக்கேன். ராவ் தொகுதியிலேருந்து அதுக்கு சுட்டி குடுக்கணுமா வேணாமான்னு ஐயா ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கு ராத்திரியே முடிச்சுடறேன்.