தெர்மல் பேஸ்ட்: நடுவில் பொட்டா, முழுக்கப் பூச்சா?

புதுக்கணினி:
ரைசன் 5 5600 ப்ராசசரோடு வந்த குட்டிக் கூலரைக் கழற்றிவிட்டு டவர் கூலர் மாட்டினேன். ப்ராசசரின் உலோக மூடிக்கும் கூலருக்கும் இடையே சூட்டைக் கடத்த வைக்கும் தெர்மல் பேஸ்டை நடுவில் பட்டாணி அளவு வைத்தேன். ப்ராசசரை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஓட்டினால் இரண்டே நிமிடத்தில் 88 டிகிரி! பழைய கூலரே 80தான் காட்டியது. திறந்து பார்த்தால் ஒரு ஓரத்தில் பேஸ்டே படவில்லை. இந்த முறை முழுக்கத் தடவிவிடலாமா?

சூட்டுக்கோல்:
தடவுங்கள். நடுவில் பொட்டு வைப்பது, மூடிக்கு அடியில் ஒரே சில்லு நட்டநடுவில் இருந்த காலத்துப் பழக்கம். உங்கள் 5600இல் இரண்டு சில்லுகள். கோர்கள் இருப்பது சுமார் 80 சதுர மில்லிமீட்டர் சில்லில். சூடு முக்கால்வாசி அங்கேதான். அது நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. காய்ந்த ஓரம் அந்தப் பக்கமா என்று பாருங்கள்.

ஸ்க்ரூட்ரைவர்:
நோய் சரி, மருந்து தப்பு. பேஸ்ட் ஒன்றும் சூட்டைக் கடத்துவதில் கெட்டிக்காரன் இல்லை. மீட்டருக்கு, கெல்வினுக்கு இத்தனை வாட் என்ற கணக்கில் செம்பு 400ஐ ஒட்டி நிற்கும். கடையில் விற்கும் பேஸ்ட் 10ஐத் தொடவே திணறும். ஆனால் காற்று 0.026! அந்தக் காற்றை விரட்டத்தான் பேஸ்ட். பொட்டு வைத்து அழுத்தினால் நடுவிலிருந்து பரவும்போதே காற்றை வெளியே தள்ளிக்கொண்டு போகும். அட்டையால் தடவினால் மேடும் பள்ளமுமாக நிற்கும், பள்ளத்தில் காற்று மாட்டிக்கொள்ளும்.

ஒரு ஓரம் மட்டும் காய்ந்திருக்கிறது என்றால் கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்க்ரூவை எப்படி முடுக்கினீர்கள்?

சூட்டுக்கோல்:
கண்ணாடித் தகட்டை வைத்து அழுத்திக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் இதையே சொல்கிறீர்கள். ப்ராசசர் மூடியும் கூலர் அடியும் கண்ணாடி மாதிரி தட்டையா என்ன? மெல்லிய பூச்சு என்றால் எந்த ஓரமும் பட்டினி கிடக்காது. கூடிப்போனாலும் பிதுங்கி வெளியே வரும். மின்சாரம் கடத்தாத பேஸ்ட்தானே, துடைத்தால் போச்சு.

பழையசாக்கெட்:
சண்டையைத் தொடருங்கள். புதுக்கணினிக்கு மட்டும் ஒன்று: அடுத்த தடவை கூலரை நேராகத் தூக்கிவிடாதீர்கள். உங்கள் ப்ராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட் வகையில் ஊசிகள் ப்ராசசரின் அடியில் இருக்கின்றன. பேஸ்ட் இறுகியிருந்தால், சாக்கெட்டின் லிவர் பூட்டியிருந்தாலும் ப்ராசசர் கூலரோடு பிடுங்கிக்கொண்டு வரும். என் ரைசன் 5 3600 அப்படித்தான் வந்தது. ஏழு ஊசி வளைந்து, லெட் பென்சிலின் நுனியை நுழைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்துவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாகத் திருகி, அது வழுக்க ஆரம்பித்த பிறகு தூக்குங்கள்.

அப்புறம், பழைய பேஸ்டின் மேலேயே புதிதை வைக்க வேண்டாம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு வையுங்கள்.

புதுக்கணினி:
இந்தத் தடவை நல்லவேளை தப்பித்தேன், நேராகத்தான் தூக்கினேன்!

ஸ்க்ரூ விஷயம்: இரண்டே ஸ்க்ரூதான். ஒன்றை முழுக்க முடுக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன். இப்போது துடைத்துவிட்டு, பழையபடி பொட்டே வைத்து, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்கினேன். அதே சினிபெஞ்ச், 73 டிகிரி.

ஸ்க்ரூட்ரைவர்:
சொன்னேனே.

சூட்டுக்கோல்:
முடுக்கல் சரியானதால் குறைந்தது. பொட்டு ஜெயித்ததாக எங்கே இருக்கிறது? இதே முடுக்கலோடு ஒருமுறை தடவிப் பார்த்து எண்ணைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்க்ரூட்ரைவர்:
ஒரு டிகிரி வித்தியாசம் வந்தால் அதிகம். அதற்காக அவர் மறுபடி கழற்ற வேண்டுமா?

புதுக்கணினி:
ட்யூபில் பேஸ்ட் தீர்ந்துவிட்டது, அண்ணன்மார்களே.