பின் பிரேக்கின் பிஸ்டன் உள்ளே போகவில்லை: இதற்கென்று தனிக் கருவி வாங்க வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். என் காரின் முன் பிரேக் பேடுகளைச் சென்ற மாதம் நானே மாற்றினேன். சி-கிளாம்ப் (C வடிவ இறுக்கி) வைத்து இறுக்கியதும், பேடுகளை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் சிரமமின்றி உள்ளே போய்விட்டது. அந்தத் துணிச்சலில் இன்று பின் சக்கரத்தைக் கழற்றினேன். கிளாம்பின் கைப்பிடியே வளையும் அளவுக்கு இறுக்கியும் பிஸ்டன் அசையவில்லை. இதைத் திருகி உள்ளே அனுப்பத் தனிக் கருவி இருக்கிறது என்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் வேலைக்கு அதை வாங்குவது வீண் செலவாகாதா? டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் கருவி), ஸ்பிரிங் கம்ப்ரஸர் (சஸ்பென்ஷன் சுருள்வில்லைச் சுருக்கும் கருவி) ஆகியவற்றையும் வாங்கும் யோசனை உண்டு.

பதில் 1:
முதலில் கிளாம்பை எடுத்துவிடுங்கள். பிஸ்டனின் முகப்பில் சிலுவை போன்ற பள்ளமோ எதிரெதிராக இரு குழிகளோ இருந்தால், கை பிரேக்கின் மரையமைப்பு அதற்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். கை பிரேக்கை விடுவித்து, சக்கரங்களுக்கு அடை கொடுத்துவிட்டு, பிஸ்டனை அழுத்தியபடியே திருக வேண்டும். வெறுமனே நெருக்கினால் மரைதான் கெடும். பெரும்பாலும் வலப்பக்கமாகத் திருக வேண்டியிருக்கும் என்றாலும், சில கார்களில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் திசை மாறும் என்பதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்திப் போடும் மின்சாரக் கை பிரேக் என்றால் பெரும்பாலும் இந்தத் திருகும் கருவிக்கு வேலையில்லை.

பதில் 2:
பிஸ்டன் கருவியை வாங்கலாம். எளிய கருவி, பழுதாக அதில் ஒன்றுமில்லை. டார்க் ரெஞ்சை அதற்கும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். சிறிய கார்கள் பலவற்றில் சக்கர நட்டுகளுக்கு 100 நியூட்டன் மீட்டரையொட்டிய இறுக்கம் தேவை. எஞ்சினின் அலுமினிய மேல்பகுதியில் (ஹெட்) பூட்டும் ஸ்பார்க் பிளக்குக்கு அதில் கால்பங்கு போதும், கை நிதானத்தை நம்பி மரையை இழந்தவன் நான். கிளிக் ஒலி தரும் வகையானால், வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வையுங்கள்; நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள்.
ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டாம். சுருக்கிய சுருள்வில் நழுவினால் ஆளையே அடிக்கும். மலிவான கொக்கிகளை நம்பி அதன் முன் உட்கார எனக்கு மனம் வராது. அந்த வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பள்ளம் இருந்தது. கருவியை நண்பரிடம் இரவல் வாங்கித் திருகினேன். தூசி காக்கும் ரப்பர் உறை பிஸ்டனோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டதால் அவ்வப்போது நிறுத்தி விரலால் விடுவிக்க வேண்டியிருந்தது. கடைசியில் பேடின் முதுகிலிருந்த குமிழ் பள்ளத்தில் உட்காராமல் தொல்லை கொடுத்தது. பிஸ்டனைச் சற்றே திருப்பியதும் பொருந்திவிட்டது. பெடல் கெட்டியாகும் வரை பல முறை மிதித்த பிறகே வண்டியை நகர்த்தினேன். டார்க் ரெஞ்ச் மட்டும் வாங்கப் போகிறேன்.