6ஐயும் −10ஐயும் எதற்குப் பெருக்க வேண்டும்? கணக்கு ஆசிரியர்கள் உதவுங்கள்

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். மகள் ஒன்பதாம் வகுப்பு, இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தும் பாடம் நடக்கிறது. எக்ஸுக்குப் பதில் 'ப' என்று எழுதுகிறேன்.

கணக்கு 6ப² + 11ப − 10. முதலையும் கடைசியையும் பெருக்கினால் −60. பெருக்கினால் −60, கூட்டினால் 11 வருவது 15, −4. ஆக 6ப² + 15ப − 4ப − 10. முதல் ஜோடியில் 3ப(2ப + 5) சரியாக எடுக்கிறாள். அடுத்ததில் −2(2ப − 5) என்று எழுதிவிட்டு, இரண்டு அடைப்பும் ஒன்றாக வரவில்லையே என்று நின்றுவிடுகிறாள். −2ஐ வெளியே எடுத்தால் உள்ளே +5 வரும் என்றேன். சரி, அது புரிந்துவிட்டது, விடை (3ப − 2)(2ப + 5).

அப்புறம்தான் கேட்டாள், "அப்பா, 6ஐயும் −10ஐயும் எதுக்குப் பெருக்கணும்?"

வயலுக்கு வரப்பு போடுவது போல நாலு கட்டம் வரைந்து, நாலு உறுப்பையும் போட்டேன். மூலைக்கு மூலை பெருக்கினால் இரண்டு பக்கமும் −60ப². அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்! ஆனால் உடனே, "வயல் பரப்பு எப்படி மைனஸ் ஆகும்?" என்கிறாள்.

இதை எப்படி விளக்குவது? "விதி அப்படித்தான், போடு" என்று சொல்ல மனம் வரவில்லை. வேறு நல்ல வழி இருந்தாலும் சொல்லுங்கள்.