பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களை நம் பள்ளியிலேயே வேலையில் தக்கவைக்க என்ன வழி?

சாட்ஸ்வொர்த் டீச்சர்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் 26 வருடமாக வேலை பார்க்கிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சிக்கு வருகிறவர்களை எங்கள் பள்ளியில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். மூன்றாம் வகுப்பு, 43 பிள்ளைகள். முதல் வாரம் அவளுக்குக் குரலே எழவில்லை. நாலாவது வாரம் பாட்டில் மூடிகளை மேசையில் பரப்பி வைத்துப் பெருக்கல் சொல்லிக்கொடுத்தாள். சூலு பேசும் பிள்ளைகளுக்கு சூலுவிலேயே எண்ணிக் காட்டினாள். கடைசி வரிசையில் வாயே திறக்காத ஒரு பையன் தானாக எழுந்து பதில் சொன்னான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்தாவது வாரம் பயிற்சி முடிந்தது, போய்விட்டாள். அவள் பாடம் எடுப்பதைப் பார்க்க விரிவுரையாளர் வந்தது ஒரே தடவை, அதுவும் அரை மணி நேரம்.

ஜனவரியில் எங்களிடம் ஒரு இடம் காலியானது. அவளைக் கேட்டு எழுதினோம். மாவட்டக் கல்வி அலுவலகம் வேறு பள்ளியில் உபரியாக இருந்த ஒருவரை அனுப்பியது. அவரை நான் குறை சொல்லவில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் இப்போது அபுதாபியில் சொல்லிக்கொடுக்கிறாள்.

நாலு வருடப் பட்டப்படிப்பில் 20 முதல் 32 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்று நம் நாட்டு விதியே சொல்கிறது. அது கொஞ்ச நாள் இல்லை. எங்களிடம் வருகிறவர்களுக்கு அது மூன்று நாலு பள்ளிகளாகச் சிதறிப் போகிறது. பல்கலைக்கழகமும் மாவட்டமும் ஒன்றாக உட்கார்ந்து, யார் எந்தப் பள்ளியில் பழகுவது, படிப்பு முடிந்ததும் எந்த இடம் என்று முன்கூட்டியே பேசி வைக்க முடியாதா? உங்கள் பக்கம் எப்படி நடக்கிறது?

மாரிட்ஸ்பர்க் அப்பா:
டீச்சர், ஆசிரியர் படிப்புக்கு அரசு கொடுக்கும், 2007-இல் தொடங்கிய ஃபுண்ட்சா லுஷாகா உதவித்தொகை இருக்கிறதே. எத்தனை வருடம் பணம் வாங்கினார்களோ அத்தனை வருடம் அரசுப் பள்ளியில் வேலை செய்ய வேண்டும். என் மகள் அதில்தான் படித்தாள். நல்ல திட்டம். ஆனால் பயிற்சி எடுத்த பள்ளியில்தான் வேலை என்று அதில் கிடையாது. நீங்கள் சொல்லும் உறவு அதிலிருந்து வராது.

காத்ர் போர்ன் வாசி:
மொரிசியஸிலிருந்து எழுதுகிறேன் அக்கா. இங்கே தொடக்கப் பள்ளிக்கு வழி வேறு. முதலில் அரசு பயிற்சி ஆசிரியராக ஆள் எடுக்கும், மாதப் பணமும் உண்டு. அப்புறம்தான் ரெதுயியில் 1973-இல் தொடங்கிய மொரிசியஸ் கல்வி நிறுவனத்தில் பயிற்சி. வேலை எங்கே என்ற பயம் இல்லாமல் படிக்கலாம். எந்தப் பள்ளி என்பதை மட்டும் அமைச்சகம்தான் முடிவு செய்யும். அதனால் உங்கள் கேள்வி பாதி இங்கேயும் அப்படியே இருக்கிறது.

ஜோபர்க் மாமா:
சொவெட்டோவில் ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஃபுண்டா உஜாபுலே என்று ஒரு தொடக்கப் பள்ளி 2010 முதல் நடக்கிறது. ஆசிரியராகப் படிக்கிறவர்கள் வருடக்கணக்காக அதே பிள்ளைகளைக் கவனிக்கலாம். எல்லா ஊரிலும் பள்ளி கட்ட முடியாது, சரி. ஆனால் உங்களைப் போன்ற நாலைந்து பள்ளிகளைச் சேர்த்து அதே மாதிரி ஒரு ஏற்பாடு செய்யலாமே?

ஃபீனிக்ஸ் 4ஆம் வகுப்பு:
நான் ஆறு வருடம் முன்னால் பயிற்சிக்குப் போன பள்ளியிலேயே இப்போதும் இருக்கிறேன். காரணம் என் வழிகாட்டி ஆசிரியை. தினமும் இரண்டரை மணிக்கு மேல் என் பாடக்குறிப்பை வரி வரியாகப் பார்ப்பார். அதற்காக அவருக்கு ஒரு பாடவேளைகூடக் குறைக்கவில்லை, ஒரு ரேண்டும் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தோடும் மாவட்டத்தோடும் ஒப்பந்தம் எழுதினால் முதலில் வழிகாட்டிகளுக்கு நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள் அக்கா. இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் அவர்களே களைத்துப்போவார்கள்.

சாட்ஸ்வொர்த் டீச்சர்:
ஃபீனிக்ஸ் தங்கச்சி சொன்னதை இன்று காலையிலேயே தலைமையாசிரியரிடம் சொன்னேன். அடுத்த பருவத்திலிருந்து எனக்கு வாரம் இரண்டு பாடவேளை விட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் மூன்று பள்ளிகளையும் கேட்டோம், இரண்டு சம்மதித்துவிட்டன. ஒரே மாணவர் கடைசி இரண்டு வருடமும் எங்களிடமே வர வேண்டும், காலியிடம் வந்தால் அவரையும் மாவட்டம் பரிசீலிக்க வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தம் யாரிடமாவது இருந்தால், பெயர்களை மறைத்து அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது.