'எக்ஸ்பெரிமெண்டல்': தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி: 'எக்ஸ்பெரிமெண்டல் டிரக்' என்பதற்குச் 'சோதனை மருந்து' சரியா? 'இன்னோவேட்டிவ்' என்பதும் இதுவும் ஒன்றுதானே?

பதில் 1: ஒன்றல்ல. இன்னோவேட்டிவ் பாராட்டுச் சொல்; புதுமை கைகூடிவிட்டது என்று பொருள். எக்ஸ்பெரிமெண்டல் என்றால் முயன்று பார்க்கிறார்கள், பலிக்குமா என்பது தெரியாது. மென்பொருளில் ஒரு வசதிக்கு இந்த அடைமொழி இருந்தால் அது எச்சரிக்கை: நாளை மாறலாம், நீக்கப்படவும் செய்யலாம். வேர், 'முயன்று பார்' எனும் பொருளுள்ள லத்தீன் வினை.

பதில் 2: 'சோதனை' கொஞ்சம் வழுக்கும். வருமான வரிச் சோதனையும் அதுதான், 'சோதனைக் காலம்' என்றால் கஷ்ட காலம்! மருந்துக்கு 'பரிசோதனை நிலையிலுள்ள மருந்து' என்று எழுதுங்கள். இன்னும் ஒப்புதல் பெறவில்லை என்பது அதில் விளங்கும். நாடகம், சிறுகதைக்குப் 'பரீட்சார்த்த' பொருந்தும். மருந்துக்கு அது ஒட்டாது. இயற்பியலில் 'எக்ஸ்பெரிமெண்டல் வேல்யூ' வந்தால் புதுமைக்கே இடமில்லை: 'சோதனையில் கிடைத்த மதிப்பு', கோட்பாட்டு மதிப்புக்கு எதிர்ப்பதம். பலர் இடறுவது இங்கேதான்.

கேட்டவர்: நன்றி. உச்சரிப்பில் அழுத்தம் எங்கே?

பதில் 1: 'மென்' மீது. 'பெ'யில் அழுத்துவது பெயர்ச்சொல்லான 'எக்ஸ்பெரிமெண்ட்'டுக்கு.