வேலிக்குள்ளிருந்து ஒரு 'ச்செக்': பிளித் நாணல் கதிர்க்குருவி அனுபவம்

கிளுவை வேலிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குருவியின் பெயர் தெரியாமல் இருக்கலாம், சத்தம் கட்டாயம் தெரிந்திருக்கும். புரட்டாசிக் கடைசியில் ஏதோ ஒரு காலையில் வேலிக்குள்ளிருந்து "ச்செக்... ச்செக்" என்று ஆரம்பிக்கும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி விட்டால் வருமே, அந்தச் சத்தம். அப்புறம் சித்திரை வரை ஓயாது.

காங்கேயம் பக்கம் பெரியப்பாவின் கொறங்காட்டில்தான், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்தான், நான் இதை அதிகம் கவனித்திருக்கிறேன். மழை பெய்து கிளுவை தழைத்திருக்கும்போது ஆளைப் பிடிப்பது கஷ்டம். பிரண்டையும் கோவையும் ஏறிக் கிடக்கும் வேலிக்குள் முழங்கால் உயரத்தில் குரல் கேட்கும், ஒரு இலை அசையும், அவ்வளவுதான். கூடவே நடந்தால் நமக்கு முன்னால் உள்ளுக்குள்ளேயே நகர்ந்து போகும். கிளுவை இலை கொட்டிய பிறகுதான் நம் கை ஓங்கும்.

நன்றாகப் பார்த்தது ஒரு தை மாதம், தண்ணீர்த் தொட்டி ஓரத்து முருங்கையில். பழுப்பு முதுகு, அழுக்கு வெள்ளை வயிறு, உடம்பில் கோடும் இல்லை புள்ளியும் இல்லை. கண்ணுக்கு முன்னால் வெளிறிய சின்னப் புருவம், கண்ணைத் தாண்டினால் மங்கிவிடுகிறது. அலகு கொஞ்சம் நீளம். இலையின் அடியில் எட்டி ஒரு சிலந்தியை இழுத்தது, கிளையில் அலகை இரண்டு பக்கமும் தேய்த்துத் துடைத்தது, உடனே ஒரு "ச்செக்". அந்த நேரம் பார்த்து எதிர் வேலியிலிருந்து இன்னொன்று குரல் கொடுக்க, முருங்கையை விட்டு நேராக அதன் மேல் பாய்ந்தது. பத்துப் பன்னிரண்டு கிராம் எடைக்கு இவ்வளவு கோபம்!

கூடு கட்டுவதெல்லாம் பின்லாந்து, பால்டிக் நாடுகள் தொடங்கி ரஷ்யா, சைபீரியா வரைக்கும். அங்கே இரவெல்லாம் பாடுமாம், மற்றப் பறவைகளின் குரல்களை எடுத்து, ஒவ்வொரு துண்டையும் நிதானமாகத் திரும்பத் திரும்பச் சொல்லி. ஆறேழு மாதம் சோறு போடும் நமக்கு மட்டும் வெறும் "ச்செக்". இந்த ஓரவஞ்சனையை நான் மன்னிப்பதாக இல்லை. பங்குனி முடிகிற சமயத்தில் மட்டும், கிளம்புவதற்கு முன், புதருக்குள் உட்கார்ந்து மெல்லிய குரலில் ஒத்திகை பார்க்கும். பெரியம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "பாட்டா இது? பல்லு வலிக்காரன் மொனகறாப்ல இருக்குது கண்ணு" என்றார்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சில நண்பர்கள் கண்ணால் பார்க்காமல் இதைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், காது பழகியவர்கள் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் வெள்வேல் மரத்திலிருந்து சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். வெண்தொண்டைக் கதிர்க்குருவியும் கிட்டத்தட்ட இப்படித்தான் "டெக்" என்று கொட்டும். அதுவும் வலசை வருவதுதான். சாம்பல் தலை, பளிச்சென்ற தொண்டை, பார்த்துவிட்டால் குழப்பமே இல்லை.

தயவுசெய்து படத்துக்காகக் கைபேசியில் அதன் குரலைப் போட்டு வெளியே இழுக்காதீர்கள். வேலியிலிருந்து பத்தடி தள்ளி அசையாமல் உட்கார்ந்தாலே தானாக ஓரத்துக்கு வரும்.

நீலகிரி, ஏற்காடு பக்கம் இருப்பவர்கள் இந்த வருடம் முதல் "ச்செக்" எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். சமவெளிக்கும் மலைக்கும் எத்தனை நாள் வித்தியாசம் என்று பார்க்க ஆசை.